தலைக்கு மேல் மஞ்சள் அம்பு

சாளைமுக்கில் முதன்முதலாக ஒரு மனிதனின் தலைக்கு மேல் மஞ்சள் அம்பு வந்து நின்ற சாயங்காலம், கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள், ஜெபமாலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வடக்குத் தெரு பெனடிக்டின் தலைக்கு மேல் ஏன் வந்தது, தெற்குத் தெருவில் ஆளே இல்லையா என்றுதான் கேட்டார்கள்.

எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் டெல்பின். கோயில் மதிலை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்து, ஊரின் கல்யாணப் பத்திரிகைகளையும் கண்ணீர் அஞ்சலிகளையும் கால்பந்துப் போட்டி நோட்டீசுகளையும் ஒரே எழுத்தில் அடித்துக் கொடுத்துவந்தவள். அவள் புருஷன் ஆன்சலெம் கப்பலில் வேலை பார்த்த காலத்தில், ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய சாமான் சந்தையில், மனைவிக்கு ஆகுமே என்று டைப்ரைட்டர் ஒன்றை வாங்கி வந்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அதில் தாள் சொருக இடமில்லை. அது அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். எழுத்துப் பலகை எதுவோ அதுவேதான் கம்ப்யூட்டர். படம் தெரிவதற்கு வீட்டு டிவியில் மாட்ட வேண்டும், விளையாட்டு ஏறுவதற்கு டேப் ரெக்கார்டரில் கேசட் போட வேண்டும். அதனோடு வந்தது ஒரே ஒரு கேசட், அதன் அட்டையில் ஒருவன் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். இரண்டையும் பரணில் போட்டு மறந்துவிட்டார்கள்.

கடைக் கம்ப்யூட்டர் பழுதாகி நாகர்கோவிலுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராமல் டெல்பின் அதைப் பரணிலிருந்து இறக்கினாள். வயரை மாட்டி கேசட்டை ஓடவிட்டதும் படகு எஞ்சினுக்குள் கோழியை விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது, டிவியின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடின, கடைசியில் ஒன்றும் ஏறாமல் திரை வெள்ளையாகி நின்றது. அவள் விடவில்லை. ஆன்சலெம் முகம் மழித்தபின் பூசும் வாசனைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து டேப்பின் தலையைத் துடைத்தாள், சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டி வைத்தாள், ஓடும்போது மேசையை யாரும் ஆட்டிவிடாமல் தானே காவல் இருந்தாள். சாயங்காலம் ஆனபோது ஏறியது. பச்சையாய் ஒரு மைதானம், கட்டம் கட்டமாய் அடுக்கிய மனிதர்கள், அவர்களில் பந்துக்குப் பக்கத்தில் நின்றவனின் தலைக்கு மேல் மட்டும் ஒரு மஞ்சள் அம்பு.

க்யூ பட்டன் மேலே, ஏ பட்டன் கீழே, ஓ பட்டன் இடது, பி பட்டன் வலது, அடியிலிருந்த நீளப் பட்டன் உதைப்பதற்கு என்று தட்டித் தட்டியே கண்டுபிடித்தாள். பி பட்டனை அமுக்கினாள். அம்புக்காரன் வலப்பக்கம் ஓடினான். சின்னப் பெண்ணைப்போலச் சிரித்தாள். அடுப்பில் தேயிலைத் தண்ணீர் பொங்கிய வாசம் வர, எழுந்து ஓடினாள். பழைய ரப்பர் பட்டன், அமுங்கியது மேலே எழவில்லை.

அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியேதான் புனித இராயப்பர் கால்பந்துக் கழகத்தின் மணல் மைதானம். ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் கடல். அங்கே பயிற்சியில் இருந்த பெனடிக்ட், தலைக்கு மேல் மஞ்சள் அம்போடு, எல்லைக் கோட்டைத் தாண்டி, உலர்த்தியிருந்த வலைகளைத் தாண்டி, ஏலக்காரர்களின் நடுவே புகுந்து, நேராகக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தான். "நான் இல்ல, காலு போவுது! காலு போவுது!" என்று இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினான். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது, கூச்சல் கேட்டு ஜன்னலுக்கு வந்த டெல்பின் திரையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், கொண்டையிலிருந்து ஊசியை உருவி அமுங்கிக் கிடந்த பட்டனை நெம்பி எடுத்தாள். அவன் நின்றான். ஓ பட்டனை அமுக்கினாள். அவன் கரைக்கு வந்தான். இடுப்புக்கு மேலே அவனவனுக்குச் சொந்தம், இடுப்புக்குக் கீழே தன் விரலுக்குச் சொந்தம் என்பதை அவள் அந்த நேரத்தில் புரிந்துகொண்டாள், பயந்தாள், பயம் தீர்ந்ததும் நாற்காலியை டிவிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டுக்கொண்டாள்.

அதன்பின் சாளைமுக்கு ஜெயிக்கத் தொடங்கியது. பக்கத்து ஊர்களெல்லாம் வந்து தோற்றுப் போயின. கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டியின் மூலையிலிருந்து கோணலாக ஓடிவந்து அடித்தால், கோலைக் காக்கும் எதிர் கோலி எப்போதும் தப்பான பக்கமே விழுவான் என்பதை டெல்பின் கண்டுபிடித்திருந்தாள். மீன் குழம்பு ஒரு அடுப்பில் கொதிக்க, ஜன்னல் வழியே ஒரு கண்ணும் திரையில் ஒரு கண்ணுமாக, அவள் அதே மூலையிலிருந்து அதே கோலைத் திரும்பத் திரும்பப் போட்டாள். அம்பு ஒருவனிடமிருந்து ஒருவனுக்குத் தாவியது, தாவிய இடமெல்லாம் மனிதர்கள் எட்டே எட்டுத் திசைகளில் மட்டும் ஓடினார்கள், வளைந்து திரும்புவது என்பதையே விட்டுவிட்டார்கள்.

ஊர் அந்த அம்பைச் சோற்றில் உப்பைப்போலத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. பெனடிக்டின் அம்மா 'அம்பு கண்ட தங்கமே' என்று ஃபிளெக்ஸ் வைத்தாள், அதை அடித்துக் கொடுத்ததும் டெல்பின்தான். பங்குத்தந்தை ஹிலாரியுஸ் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், அம்புக்கு மூன்று முனை இருக்கிறது, மூன்று என்பது திரித்துவம், அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை என்று சொல்லி, விளக்காமல் உட்கார்ந்தார். ஒருநாள் பந்து உருண்டு மீன்காரி மதலேனாவின் கூடைக்குப் பக்கத்தில் போய் நிற்க, அம்பு அவள் தலைக்குத் தாவி, தலையில் கூடையோடு அவள் மைதானத்துக்குள் ஓடி பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து அவளிடம் யாரும் பேரம் பேசவில்லை, அவளும் சாளையை வஞ்சிரம் விலைக்கு விற்றாள். கல்யாணத் தரகர்கள் வீடு ஏறி வந்ததும் முதலில் கேட்டது, பையனுக்குப் படிப்பு என்ன என்பதல்ல, பையனுக்கு அம்பு உண்டா என்பதுதான்.

அம்பு வராத ஒரே ஒருவன் டெல்பினின் தம்பி பொனிஃபாஸ். அவன் கோலி. அந்த விளையாட்டில் கோலிக்குப் பட்டன் கிடையாது. பந்து அவன் காலடியிலேயே கிடந்தாலும் அம்பு அவனைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய் நின்றது. கால்பந்துக் கழகத் தலைவர், ஐஸ் கம்பெனி தொபியாஸின் மகள் ரெஜினாளை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அம்பு வந்தபின் தொபியாஸ் அந்தப் பேச்சை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஜன்னலுக்குள் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டிருந்த பொனிஃபாஸ் அக்காவிடம் வந்தான். "எக்கா, எனக்க தலைக்கு மேல ஒருக்கா அதைக் கொண்டுவா. ஒரே ஒருக்கா. அந்த மனுஷன் பாத்தா போதும்."

"வராதுல மக்கா. ஒனக்குப் பட்டனே இல்ல."

"எல்லாவனுக்கும் இருக்கு. எனக்கு மட்டும் என்னத்துக்கு இல்ல?"

"நீ தானா ஆடுவ. அதான்."

"அது ஒரு குத்தமா?" என்று கேட்டான் பொனிஃபாஸ். டெல்பின் பொரித்த நெத்திலியைத் தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினாள்.

இதற்குள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்களால் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் ஊர் அதிர்ச்சி அடைந்தது. அம்பு ஒரு டிவியிலிருந்து வருகிறது என்பதற்காக அல்ல, அதை ஒரு பெண் தனியாக உட்கார்ந்து இயக்குகிறாள் என்பதற்காக. பெண்கள் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று கழகத்தின் சட்டத்தில் இருந்தது. அவள் மைதானத்துக்குள் வரவில்லையே, ஜன்னலுக்கு உள்ளே அல்லவா இருக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். விரல் உள்ளே வந்துவிட்டது என்று தொபியாஸ் சொன்னார். உடனே 'அம்பு நிர்வாகக் குழு' அமைந்தது. கழகச் செயலாளர் என்ற முறையில் அந்தத் தீர்மானத்தை எழுதியது ஆன்சலெம்.

"நீங்களே எழுதினியளா?" என்று டெல்பின் கேட்டாள்.

"எழுத்து எனக்க எழுத்து. முடிவு கமிட்டி முடிவு," என்றார் ஆன்சலெம். "நல்ல வேளை, நான் எழுதினேன். வேற எவனாவது எழுதியிருந்தா ஒனக்க பேரைத் தப்பா எழுதியிருப்பான்."

குழு அவள் வீட்டு ஹாலில் கூடியது. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் வந்தன, விசைப்படகு உரிமையாளர் சங்கம் வந்தது, தெருத்தெருவாக ஜெபம் சொல்லும் அன்பியக் குழுக்களின் தலைவர்கள் வந்தார்கள், ஹிலாரியுஸ் சாமி நல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். தொபியாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எப்பிடி ஆடணும்னு சொல்லு, கேட்டுக்கிடுதோம்," என்றார்.

டெல்பின் சொன்னாள். நீளப் பட்டனைத் தட்டி எடுத்தால் பந்து பக்கத்து ஆளுக்குப் போகும், அமுக்கிப் பிடித்தால் மேலே எழும்பித் தூரத்தில் விழும். நேராக ஓடும்போது பந்து காலில் பசைபோல ஒட்டியிருக்கும், திரும்பும்போதுதான் நழுவிப் போகும், அதனால் திரும்புவதற்கு முன்னால் ஒரு மூச்சு நிற்க வேண்டும். கோணலாக ஓட வேண்டுமென்றால் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்க வேண்டும்.

"ரெண்டு பேரு சேர்ந்து அமுக்கணுமா?" என்று வடக்குத் தெருக்காரர் கேட்டார்.

"ஒரு ஆளுதான் அமுக்கணும், அண்ணே. ஒரு கையில மேலயும் கீழயும், ஒரு கையில வலதும் இடதும். ஒருத்தருக்க மனசுல உள்ளதுதானே விரல்ல வரும்?"

"ஒரு ஆளு கையில எல்லாப் பட்டனும் இருக்கது ஜனநாயகமா?" என்று படகுச் சங்கம் கேட்டது. அறை முழுக்க ஆமா ஆமா என்றது.

"கோலிக்கு எந்தப் பட்டன்?" என்றார் தொபியாஸ்.

"கோலிக்குப் பட்டன் இல்ல. அவன் தானா ஆடுவான்."

"தானான்னா? யாரு சொல்லி?"

"யாரும் சொல்லாம."

ஹாலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் இப்படி ஒருவனை ஊரின் கடைசி வாசலில் நிறுத்தி வைத்திருந்தோமே என்று முணுமுணுத்தார்கள். ஹிலாரியுஸ் சாமி சிலுவை போட்டுக்கொண்டார். அன்றைக்கே பட்டன்கள் பிரிக்கப்பட்டன: மேலே போகும் க்யூ வடக்குத் தெருவுக்கு, கீழே போகும் ஏ தெற்குத் தெருவுக்கு, கடல் பக்கம் போகும் பி படகுச் சங்கத்துக்கு, கோயில் பக்கம் போகும் ஓ அன்பியங்களுக்கு, உதைக்கும் நீளப் பட்டன் பங்குத்தந்தைக்கு. எல்லாவற்றுக்கும் மேலே தலைவராக, பட்டன் எதுவும் இல்லாமல், மைக்கோடு தொபியாஸ்.

ஈஸ்டர் முடிந்த வாரம் வேளாத்துறையோடு இறுதிப் போட்டி. மைதானத்தின் ஓரத்தில் பந்தல் போட்டு, மேடை கட்டி, கம்ப்யூட்டரையும் டிவியையும் அதன்மேல் ஏற்றினார்கள். கரண்ட் போனாலும் அம்பு போகக்கூடாது என்று கோயிலின் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். டேப்பின் தலையைத் துடைத்துக் கேசட்டை ஏற்றிக் கொடுக்க மட்டும் டெல்பினைக் கூப்பிட்டார்கள். ஏற்றிக் கொடுத்ததும், மேடையில் மகளிருக்கு இடமில்லை என்று ஆன்சலெம் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். அவள் இறங்கி, கயிற்றுக்கு வெளியே ரெஜினாளின் பக்கத்தில் போய் நின்றாள்.

விசில் ஊதியது. அம்பு பெனடிக்டின் தலைமேல் வந்து நின்றது. க்யூவும் ஏவும் ஒரே நேரத்தில் அமுங்கின, ஓவும் பியும் ஒரே நேரத்தில் அமுங்கின, ஏனென்றால் பக்கத்திலிருப்பவன் அமுக்கும்போது தான் சும்மா இருந்தால் தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை ஒவ்வொருவருக்கும் இருந்தது. பெனடிக்ட் நின்ற இடத்திலேயே நடுங்கினான். வடக்குத் தெரு வேகமாக அமுக்கினால் முன்னே ஒரு அடி, தெற்குத் தெரு விழித்துக்கொண்டால் பின்னே ஒரு அடி, படகுச் சங்கம் தும்மினால் கடல் பக்கம் ஒரு சரிவு. ஹிலாரியுஸ் சாமியோ உதைப்பதற்கு உரிய தருணம் வரட்டும் என்று கண்களை மூடிக் காத்திருந்தார், தருணம் வந்தபோதும் மூடியே இருந்தார். மற்ற ஆட்டக்காரர்கள் தங்கள் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். அம்பு இல்லாமல் காலைத் தூக்கும் பழக்கம் அவர்களுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

"கைகளைப் பாருங்க, என்ன ஒத்துமை!" என்றார் தொபியாஸ் மைக்கில்.

வேளாத்துறைக்காரர்கள் அலை அலையாக வந்தார்கள், பொனிஃபாஸ் விழுந்து விழுந்து பிடித்தான். வலது மூலையில் பிடித்தான், இடது மூலையில் பிடித்தான், நெஞ்சால் தடுத்தான், ஒருமுறை முகத்தால் தடுத்தான், மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவன் பிடிக்கும்போதெல்லாம் கூட்டம் அமைதியாக இருந்தது. அம்பு இல்லாதவன் பிடித்ததற்கு எப்படிக் கைதட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ரெஜினாள் மட்டும் தட்டினாள். பிறகு டெல்பினும் தட்டினாள். தன் விரல்கள் சேலை மடிப்பில் க்யூவையும் பியையும் தேடி அமுங்கிக்கொண்டிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள், வெட்கப்பட்டாள்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். பொனிஃபாஸ் கையில் பந்து. அவன் தன் ஆட்களைப் பார்த்தான், எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கைக் கையுறையால் துடைத்தான். பந்தைக் கீழே வைத்தான். காலால் தள்ளிக்கொண்டு, தன் பெட்டியைவிட்டு வெளியே நடந்தான், பிறகு ஓடினான். அம்பு பதறிப்போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் தலைக்கு வந்தது, அவனைத் தாண்டியதும் அடுத்தவன் தலைக்குத் தாவியது, அதன் வழியில் ஒவ்வொருவனும் ஒரு துள்ளு துள்ளி நின்றான், காற்று போகும்போது ஆடி அடங்கும் தென்னைகளைப்போல. பொனிஃபாஸ் எட்டுத் திசையில் ஓடவில்லை. வளைந்தான், பாதி திரும்பி மீதியைத் திரும்பாமல் விட்டான், இடறப்போவதுபோல் சாய்ந்து சாயாமல் போனான், பெட்டியின் மூலைக்கு வந்தும் கோணலாக அடிக்காமல் இன்னும் இரண்டு அடி வைத்து, விழுந்து கிடந்த வேளாத்துறைக் கோலியின் காலுக்கு மேலாக, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலப் பந்தை வலைக்குள் போட்டான்.

கடல் சத்தம் கேட்டது. 

பிறகு மைக் கரகரத்தது. "இந்தக் கோல் செல்லாது," என்றார் தொபியாஸ்.

நடுவர் வெளியூர்க்காரர். மேடைக்கு ஓடிவந்து, "ஐயா, இது உங்க கோல்," என்றார்.

"எங்க கோல்தான். அதான் சொல்லுதோம். அம்பு இல்லாத ஆளு, ஒரு பட்டனும் அமுக்காம, தன்னிச்சையா போட்ட கோல். இதை ஒத்துக்கிட்டா நாளைக்கு எவனும் கமிட்டியை மதிப்பானா?"

"சட்டப்படி கோல், ஐயா."

"எந்தச் சட்டம்? நாங்க ஆட்சேபம் எழுதிக் குடுக்கோம். ஆன்சலெமே, எழுதும்."

ஆன்சலெம் எழுதினார். தங்களுக்கு எதிராகத் தாங்களே எழுதிய அந்த ஆட்சேபத்தில் தெருக்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டன, வேளாத்துறைத் தலைவர் தலையைச் சொறிந்துகொண்டு தானும் ஒரு கையெழுத்துப் போட்டார். கடைசி பஸ் போய்விடுமே என்று நடுவர் கோலை ரத்து செய்தார். கோல் இல்லாமல் ஆட்டம் சமமாக முடிய, பெனால்டி அடித்தார்கள். சாளைமுக்கு முறைப்படி, ஒருமனதாக, எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமுக்கித் தோற்றது. ஒழுங்கு காப்பாற்றப்பட்டதற்காகப் பட்டாசு வெடித்தார்கள். பொனிஃபாஸை மைதானத்துக்குள் வரக்கூடாது என்று தடை செய்தார்கள். அவன் அடுத்த வாரம் வேளாத்துறைக்குக் கோலியாகப் போனான், அந்த ஊர்க்காரர்கள் அவன் மூக்குக்கு ஒத்தடம் கொடுத்து அழைத்துப் போனார்கள்.

பட்டாசுப் புகை அடங்கியதும்தான் யாரால் தோற்றோம் என்ற கேள்வி வந்தது. தெற்குத் தெரு பின்னால் இழுத்தது என்றது வடக்குத் தெரு. சாமி உதைக்கவே இல்லை என்றது படகுச் சங்கம். அவரவர் பட்டனை அவரவர் பிடுங்கிக்கொண்டார்கள். க்யூ வடக்குத் தெரு முனையில் சிலுவை நிற்கும் குருசடிக்குப் போனது, ஏ தெற்குத் தெருவின் குருசடிக்கு, பி ஒரு விசைப்படகின் முகப்பில் ஒட்டப்பட்டது, ஓ அன்பியத் தலைவியின் முந்தானை முடிச்சில். நீளப் பட்டன் கோயிலின் பூசை அறை அலமாரியில், சாமியின் திருவுடைகளுக்கு நடுவே.

அவர்கள் பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தொபியாஸ் மைதானத்தின் நடுவில், ஆட்டப் பந்தின்மேல் வலது காலை வைத்து, போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். சாளைமுக்கில் பந்துக்கு மிக அருகில் இருந்த ஆள் அவர். அம்பு அவர் தலைக்கு மேல் வந்து நின்றது. அதற்குப்பின் அமுக்குவதற்குப் பட்டன் இல்லை.

அவருக்குக் கால் நகரவில்லை. வேறு எந்தக் குறையும் இல்லை. பேசினார், சாப்பிட்டார், கையை ஆட்டினார், ஆணையிட்டார். அம்பு ஒருவரிடமே நிலையாக நின்றுவிட்டது என்று ஊர் பரவசப்பட்டது. நேற்றுவரை தாவித் தாவிப் போனது, தகுதியான தலையைத் தேடித்தான் என்று இப்போது விளங்கியது. அவருக்கு மேல் கூரை போட்டார்கள், மாலை போட்டார்கள். இன்வெர்ட்டர் வயரைப் பிடுங்காமலே, முத்துக்குடை பிடித்து, டிவியையும் கம்ப்யூட்டரையும் தேர்போலத் தூக்கி வந்து டெல்பினின் ஹாலில் பழையபடி வைத்து, யாரும் அணைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ரேஷன் கடைத் திறப்பு விழாவுக்கு அவரால் போக முடியாததால் ரேஷன் கடையின் ரிப்பனைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார்கள், வெட்டினார். கலெக்டருக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எந்த இடத்துக்கும் போகாத ஒரு தலைவரால் எந்தத் தொந்தரவும் இல்லை என்பதால் அவர் புகழ் நாளுக்கு நாள் வளர்ந்தது.

ரெஜினாள் தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். ஒருநாள் மாலைக்காரர்களும் மனுக்காரர்களும் சூழ நிற்கையில், தூக்குவாளியைத் திறந்துகொண்டே, "அப்பா, நான் பொனிஃபாஸைத்தான் கெட்டுவேன்," என்றாள்.

"அம்பு இல்லாதவனையா?"

"அம்பு உள்ளவனைக் கெட்டினா, பட்டன் யாரு கையில இருக்குன்னு ஆயுசு முழுக்கத் தேடணும். பொனிஃபாஸ் மூக்குல ரத்தம் வந்தா நான் துடைச்சாப் போதும்."

கோபம் வந்தால் எழுந்து போய்விடுவதுதான் தொபியாஸின் வழக்கம். இப்போது அது முடியவில்லை. வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதன்முறையாக, அவர் மகள் பேசி முடிக்கும்வரை கேட்டார். சோறு உருட்டி வாயில் வைத்தாள், மென்றார், இன்னொரு உருண்டைக்கு வாயைத் திறந்தார். கடைசியில், "கல்யாணத்தை இங்கேயே வையுங்க," என்றார்.

அது மட்டும் நடக்காது என்றார் ஹிலாரியுஸ் சாமி. ரிப்பன் வரும், கோயில் பீடம் வராது.

அன்றைக்கு மத்தியானம் தொபியாஸின் மனைவி இம்மாகுலேட் டெல்பினின் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். ஹாலில் ஓடிக்கொண்டிருந்த டிவியையும், பல் பிடுங்கிய வாய்போலக் கிடந்த கம்ப்யூட்டரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுதானா?"

"இதான் மாமி."

"கேக்கதுக்கே வெக்கமா இருக்கு. இத்தனை வருஷத்துல அந்த மனுஷன் ஒரு நாளும் வீட்டுல இருந்தது கிடையாது. இப்ப அங்கனயே நிக்காரு, எல்லாரும் கும்பிடுகாவ. எனக்கு மகளைக் கோயிலுக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவ ஒரு ஆளு வேணும். அவ்வளவுதான் டெல்பினு. தலைவரு வேண்டாம்."

"அணைக்கக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கு, மாமி."

"யாரு எழுதினது?"

டெல்பின் திரும்பி ஆன்சலெமைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "எழுத்து எனக்க எழுத்துதான்," என்று ஆரம்பித்தார், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தி, "நான் கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வாரேன்," என்று செருப்பைத் தேடினார்.

அவர் படி இறங்கியதும் டெல்பின் வயரைப் பிடுங்கினாள். திரையில் பச்சை மைதானம் ஒரு கோடாகச் சுருங்கி, கோடு ஒரு புள்ளியாகி, போயிற்று. இவ்வளவு சுலபமா என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது; கடலுக்குள் பெனடிக்ட் போன அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம், ஆனால் அன்று நாற்காலியை அல்லவா இழுத்துப் போட்டோம் என்று நினைத்தாள். இம்மாகுலேட் அவள் கையை ஒருமுறை பிடித்துவிட்டு வெளியே போனாள்.

தொபியாஸ் கூரைக்கு அடியில் மணலில் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றதும் மனுக்களை மடித்துக்கொண்டு கலைந்துபோனார்கள். அவர் போட்டிருந்த மாலைகள் மட்டும் அப்படியே கழுத்தில் கிடந்தன. வீட்டுக்கு இம்மாகுலேட்தான் கையைப் பிடித்து இழுத்துக் கூட்டிப்போனாள். குழு அவசரமாகக் கூடி, அம்பு தானாகவே விண்ணேகியது என்று தீர்மானம் எழுதியது. டெல்பினின் பெயரை அதில் சேர்த்தால் அவளுக்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி வைக்க வேண்டிவரும் என்பதால் விட்டுவிட்டார்கள்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்திருந்தது. வேளாத்துறையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் ரெஜினாளின் கையைப் பிடித்துக்கொண்டு, புதுச் செருப்போடு தொபியாஸ் நின்றார். ஆர்மோனியம் தொடங்கியது. பீடத்தின் அருகே பொனிஃபாஸ் கோணிய மூக்கோடு திரும்பிப் பார்த்தான். தொபியாஸ் நகரவில்லை. ஆர்மோனியம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் அவர் தலைக்கு மேலே பார்த்தன, அங்கே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. இம்மாகுலேட் உதட்டைக் கடித்தாள். டெல்பினுக்கு விரல்கள் துடித்தன. அவள் அவற்றை மடக்கி உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"அப்பா," என்றாள் ரெஜினாள் மெதுவாக. இழுக்கவில்லை, தள்ளவில்லை.

தொபியாஸ் தன் கால்களைக் குனிந்து பார்த்தார், யாருடையதோ என்பதுபோல. வெகுநேரம் பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கினார், எங்கே வைப்பது என்று கொஞ்சம் தயங்கினார், வைத்தார். இடது காலும் வந்தது. அவர் யாரும் அமுக்காமல் நடந்து வருவதை அந்தக் கோயிலில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள், அதை ஓர் அதிசயம் என்று ஒருவரும் சொல்லவில்லை.